சாவிக்கொத்து ஆணியிலேயே இருக்கட்டும்



போன வாரம் இரவு 11 மணிக்கு என் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். ஒன்றரை வயது மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளை நலம். அவள் அழுதது வேறு காரணத்துக்கு. "நீ பார்த்துக்கிட்ட லட்சணம்தான் இது" என்று வீட்டில் சொன்னார்களாம்.

இது அநியாயம். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்கு இந்த வலிப்பு வருகிறது. பல வீடுகளில் வலிப்பு வந்த பிறகுதான் உடம்பு சுடுவதே தெரியும். காய்ச்சல் மருந்து பிள்ளையின் சிணுங்கலைக் குறைக்கும். நேரம் தவறாமல் கொடுத்தாலும் வலிப்பைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. தாய் என்ன செய்வாள்?

நானும் யோக்கியனில்லை. வகுப்பில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தபோது பீரோ சாவியை அவன் கையில் திணித்தவன்தான். வலிப்பு தானாக நின்றது, பெயர் சாவிக்குப் போனது. பெரும்பாலான காய்ச்சல் வலிப்பும் அப்படித்தான், சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். சாவி தேடும் நேரத்தில் பிள்ளையை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம். கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108. சீக்கிரமே நின்றுவிட்டாலும், முதல் முறை என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூளைக்காய்ச்சல் இல்லை என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

என் ஆதங்கம் டாக்டர்களிடமும் உண்டு. ஒரு முறை வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரும். நீண்ட வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் அது தேவையில்லை. மூச்சு மந்தமாகலாம் என்பதால் எடைக்கேற்ற அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஏற்கெனவே நீண்ட நேரம் வலிப்பு வந்த பிள்ளைக்கும், ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் அது வீட்டில் இருக்க வேண்டாமா? சீட்டில் எழுதி, வேலைக்குப் போகும் அப்பாவிடம் கொடுத்தால் போதாது. பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பது பாட்டி. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எப்போது அடிப்பது, எப்படி அடிப்பது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அன்று நீங்களாகவே கேளுங்கள்.

என் மாணவியிடம் இதைத்தான் சொன்னேன். நாளை மாமியாரையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறாள்.