ஆமை புகுந்த வீடு

"ஆமை புகுந்த வீடும், அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. அமீனா என்றால் கோர்ட்டு உத்தரவோடு ஜப்தி செய்ய வருபவர். அவரோடு ஆமையையும் சேர்த்து வைத்தார்கள் நம் பெரியவர்கள்.

இங்கிலாந்தில் கதையே வேறு. அங்கே ஆமையைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குள் வைத்து, பெயர் சூட்டி வளர்க்கிறார்கள். அது தண்ணீரில் வாழும் ஆமை அல்ல. இலை, தழை தின்னும் தரை ஆமை. அதன் சொந்த ஊர் மத்தியதரைக் கடல் ஓரத்து வெயில் நாடுகள்.

வெயிலில் பிறந்த பிராணி, பனி பெய்யும் நாட்டில் குளிர்காலத்தைக் கழிப்பது எப்படி? அதிலும் குட்டி ஆமை என்றால்? முட்டையிலிருந்து வெளிவந்த குட்டியின் எடை 10 முதல் 15 கிராம்தான். உள்ளங்கையில் வைத்தால் இடம் மிச்சம் இருக்கும்!

பழைய கதை

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் செல்போர்ன் கிராமத்தில் ஓர் ஆமை வளர்த்தார். அதன் பெயர் திமோதி. நவம்பரில் அது மண்ணைத் தோண்டிப் புதைந்து கொள்ளும். ஏப்ரல் வாக்கில் எழுந்து வரும். அதை அவர் நாள் தவறாமல் கவனித்து எழுதி வைத்தார். அவர் காலமானது 1793-ல். ஆமை அதற்குப் பிறகும் சில மாதம் உயிரோடு இருந்தது. திமோதி என்பது ஆண் பெயர். ஆனால் அது பெண் ஆமை என்று பிற்காலத்தில் தெரிந்தது!

1963-ல் பி.பி.சி. டெலிவிஷனின் குழந்தைகள் நிகழ்ச்சியில் ஓர் ஆமை வந்தது. பார்த்த குழந்தைகள் எல்லாம் "எனக்கும் வேண்டும்" என்றார்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் காடுகளிலிருந்து ஆமைகளைப் பிடித்து, கப்பல் கப்பலாகக் கொண்டு வந்தார்கள். விலை மலிவு. வாங்கியவர்களுக்கு வளர்க்கும் முறை தெரியவில்லை. முதல் குளிர்காலத்தைத் தாண்டாமல் மாண்டவை ஏராளம். 1984-ல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. இன்று விற்கப்படும் குட்டிகள் பண்ணையிலும் வீடுகளிலும் பொரித்தவை. அவற்றை விற்கச் சான்றிதழ் வேண்டும்.

இரண்டுங்கெட்டான் நிலை

ஆமையின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக் கொள்ளாது. வெளியே எவ்வளவு உஷ்ணமோ, அதை வைத்துத்தான் அதன் வயிறு வேலை செய்யும். கடுங்குளிரில் அது உறங்கிவிடும். நல்ல சூட்டில் விழித்திருந்து தின்னும். இரண்டும் அதற்கு இயற்கை.

ஆபத்து நடுவில் இருக்கிறது. லேசாகக் குளிரும் அறையில் விட்டால், அது உறங்கவும் செய்யாது, தின்னவும் செய்யாது. தின்றாலும் செரிக்காது. உடம்பில் சேர்த்து வைத்த சத்து மட்டும் கரைந்து கொண்டே போகும். பார்க்கிறவர்களுக்கு, "சும்மா தூங்குகிறது" என்று தோன்றும். உண்மையில் அது சாவை நோக்கிப் போய்க் கொண்டிருக்கும்.

ஆகவே வழி இரண்டே. ஒன்று, 5 டிகிரி சென்டிகிரேடு அளவில் முறையாக உறங்க வைப்பது. நோயற்ற, எடை குறையாத ஆமைக்கே இது சரி. அனுபவம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. மற்றொன்று, குளிர்காலம் முழுவதும் விழித்திருக்கச் செய்வது. முதன் முதலாகக் குட்டி வளர்ப்பவர்களில் பலர் பின்பற்றுவது இந்த இரண்டாவது வழியைத்தான்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் சூடு. பெட்டியின் ஒரு பக்கம் விளக்கு எரிய வேண்டும். அதன் கீழே 30 முதல் 35 டிகிரி வரை இருக்கலாம். மறுபக்கம் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சூடு தேவையானால் ஆமை வரும். போதுமானால் நகர்ந்து கொள்ளும். சூரியனைப் போலச் சூடு மேலிருந்து வர வேண்டும்.

அடுத்து ஒளி. ஓடு கெட்டிப்பட சுண்ணாம்புச் சத்து தேவை. அந்தச் சத்து உடம்பில் ஒட்ட வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தேவை. "ஜன்னல் ஓரம் வெயில் வருகிறதே" என்று இருந்துவிடக் கூடாது. அந்தக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். இதற்கென்றே தனி விளக்கு விற்கிறார்கள். பகலில் 12 மணி நேரம் எரிய வேண்டும். இரவில் அணைத்துவிட வேண்டும். விளக்கு எரிந்து கொண்டே இருந்தாலும் காலப்போக்கில் கதிர் குறைந்துவிடும். குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்.

பிறகு தண்ணீர். விளக்குச் சூட்டில் குட்டி சீக்கிரம் வறண்டு போகும். வெதுவெதுப்பான நீரில், தாடைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு, தினமும் பத்து நிமிஷம் விட்டால் நன்றாகக் குடிக்கும். பெட்டியில் உள்ள மண்ணிலும் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். வறண்டு வளரும் குட்டியின் ஓடு மேடு மேடாகப் புடைத்துவிடும்.

ஆகாரம் களைச்செடி இலைகளே. தோட்டத்தில் பிடுங்கி எறியும் டான்டிலியன் அதற்கு விருந்து. குளிர்காலத்தில் இலை கிடைக்காது என்பதால் தொட்டியில் விதைத்து வளர்ப்பவர்களும் உண்டு. ரொட்டி, பால், மாமிசம், பழம் கூடாது. வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைக்க வேண்டும். மூக்கு ஒழுகினாலோ, கண் வீங்கினாலோ, ஓடு மெத்தென்று ஆனாலோ உடனே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆமையைத் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

யோசித்து வாங்குக

இதெல்லாம் செலவு இல்லாமல் நடக்காது. 2022-ல் இங்கிலாந்தில் மின்சாரக் கட்டணம் திடீரென ஏறியது. கட்டணம் ஏறினால் ஆமையின் விளக்கை அணைக்கலாமா என்ற சபலம் எழும். மனிதர் கம்பளி போர்த்திக் கொள்ளலாம். ஆமைக்குக் கம்பளி பயன்படாது. உடம்பில் சூடு இருந்தால்தானே கம்பளி அதைக் காக்கும்! மலிவாக வளர்க்க முடியாது என்று தெரிந்தால், வாங்காமல் இருப்பதே தர்மம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வளர்ப்புப் பிராணியின் தேவைகளைக் கவனிப்பது அங்கே வளர்ப்பவரின் கடமை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்த ஆமைகள் ஐம்பது வருஷத்துக்கு மேலும் வாழும். பத்து வயதுப் பையனின் பிறந்த நாளுக்கு வாங்கினால், அவன் தாத்தா ஆன பிறகும் அது இருக்கலாம். பொம்மை வாங்குவது போல வாங்கக் கூடாத பொருள் அது.

நம் ஊரில் இதைப் படித்துவிட்டு யாரும் நட்சத்திர ஆமையைத் தேடிப் போக வேண்டாம். அது நம் புதர்க் காடுகளில் வாழ்வது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். எங்கேனும் விற்பனைக்கு வந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

ஆமை புகுந்ததால் எந்த வீடும் கெட்டதில்லை. அறியாதவர் வீட்டில் புகுந்த ஆமைதான் கெட்டது. பாவம், அதற்குப் பழமொழி சொல்லத் தெரியாது!