பிரயாண இன்ஷூரன்ஸும் பரஸ்பர நம்பிக்கையும்

அந்நிய நாடுகளில் உத்தியோகம் பார்க்கும் மக்களைக் காணவும், தேசங்களைச் சுற்றிப் பார்த்து வரவும் கடல் கடந்து செல்வோர் தொகை நம்மிடையே பெருகி வருகிறது. இவர்களில் பலர் அறுபது வயதைத் தாண்டிய பெற்றோர்கள். முன்கூட்டி வாங்கினால் கட்டணம் குறையும் என்பதற்காகப் பங்குனியில் டிக்கெட் வாங்கி ஆவணியில் புறப்படுகிறார்கள். இந்த இடைக்காலத்தில் ஒரு மனிதனுடைய சரீரம் மாறாமல் நிற்கும் என்று எந்த வைத்தியரும் எழுதிக் கொடுக்க மாட்டார். இரத்த அழுத்தம் ஏறலாம். இருதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லலாம். புதிய மருந்து ஒன்று சேரலாம். அப்படி மாறினால் நஷ்டம் யாரைச் சேர்ந்தது? பிரீமியம் பெற்றுக்கொண்ட கம்பெனியையா? அதைக் கொடுத்த பிரயாணியையா? இக்கேள்விக்குப் பாமரனும் அறியக்கூடிய தெளிவான விடை நமது பாலிஸிகளில் இல்லாதிருப்பது பெருங்குறை என்பதே நமது அபிப்பிராயம்.

பிரயாண இன்ஷூரன்ஸ் என்பது ஒரே வாக்குறுதி அன்று; இரண்டு வாக்குறுதிகள் சேர்ந்தது. புறப்பட்ட பிறகு அந்நிய மண்ணில் நோய் கண்டால் வைத்தியச் செலவைக் கொடுப்பது ஒன்று. புறப்படுவதற்கு முன்பே பிரயாணம் தடைப்பட்டால் டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் கட்டிய பணத்தை ஈடு செய்வது மற்றொன்று. பாலிஸியில் இந்த இரண்டாவது வாக்குறுதி இருக்குமானால், அது பாலிஸி எடுத்தது முதல் புறப்படும் வரையுள்ள காலத்துக்காகவே ஏற்பட்டது. அக்காலத்தில் நேரக்கூடிய விபரீதங்களில் முதன்மையானது நோயே. ஆகவே, இடைக்காலத்தில் உடல்நிலை மாறுவது கம்பெனி எதிர்பாராத விஷயம் என்று சொல்வது பொருந்தாது. அந்த அபாயத்தைத்தானே அது விலை பேசி ஏற்றுக்கொண்டது? குடை விற்றவன், மழை வந்துவிட்டது என்று குடையைத் திருப்பிக் கேட்கலாகுமா?

இது வசதி படைத்தவர்களின் வீண் கவலை என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா பெற விரும்பும் பிரயாணி, குறைந்தபட்சம் 30,000 யூரோ மதிப்புள்ள வைத்திய இன்ஷூரன்ஸைக் காட்டியாக வேண்டும் என்பது 2009-ஆம் வருஷத்து விசா சட்டத்தின் விதி. சட்டமே ஒரு பொருளை வாங்கும்படி வற்புறுத்தும்போது, அப்பொருள் உறுதியானதாக இருக்க வேண்டும் என்று கேட்பது பிரஜையின் உரிமையாகும்.

இன்ஷூரன்ஸ் ஒப்பந்தங்கள் பூரண நம்பிக்கையின் பேரில் ஏற்படுபவை என்பது இங்கிலீஷ் சட்டத்திலிருந்து நாம் பெற்ற கோட்பாடு. இதற்கு மூலமாகக் கூறப்படுவது 1766-ஆம் வருஷத்தில் மான்ஸ்பீல்டு பிரபு அளித்த தீர்ப்பு. ஸுமத்ரா தீவில் கும்பினியாருக்கிருந்த மார்ல்பரோ கோட்டையின் கவர்னர், கோட்டை அந்நியச் சத்துருவின் கைப்படுமானால் ஈடு பெறும்படி இன்ஷூர் செய்திருந்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்துக் கொண்டனர். கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று பணம் தர மறுத்தார் இன்ஷூர் செய்தவர். தீர்ப்போ கவர்னர் பக்கம் ஆயிற்று. தனக்குத் தெரிந்ததை மறைக்கலாகாது என்ற கடமை இரு கக்ஷிகளுக்கும் உண்டு என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. கம்பெனிகள் இத்தீர்ப்பின் முற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்து, பிற்பாதியை மறந்துவிட்டன போலும்!

நமது தேசத்திலேயே நடந்த ஒரு வழக்கைக் கவனிப்போம். 2009-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு கனவான் உறவினர் கல்யாணத்துக்காக அமெரிக்கா புறப்பட்டார். பாலிஸி எடுக்குமுன் வைத்திய பரிசோதனைக்கு உட்பட்டார். தமக்கு நீரிழிவு உண்டு என்பதையும் தெரிவித்தார். ஸான்பிரான்ஸிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் அவருக்கு மாரடைப்புக் கண்டது. ஆஸ்பத்திரியில் இருதயக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருந்ததையும், அதற்கான ஸ்டாடின் மருந்து உட்கொண்டு வந்ததையும் சொல்லவில்லை என்று காரணம் காட்டிக் கம்பெனி கையை விரித்தது. தேசிய நுகர்வோர் கமிஷனும் அவருடைய மனுவைத் தள்ளிற்று. முடிவில் 2021-ஆம் வருஷம் டிஸம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீரிழிவு உண்டு என்று அறிந்து, உடல்நிலையை ஆராய்ந்து, பாலிஸி கொடுத்த பிறகு, அறிந்த நோயையே காரணமாகக் காட்டி மறுப்பது செல்லாது என்பது அத்தீர்ப்பின் சாரம். எதிர்பாராமல் திடீரென்று வரும் நோய்க்காகவே இப்பாலிஸிகள் எடுக்கப்படுகின்றன என்பதையும் கோர்ட் எடுத்துக் காட்டியது. நியாயம் கிடைத்தது உண்மை. ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. எத்தனை பேருக்கு அவ்வளவு பொறுமையும் பொருளும் உண்டு?

அந்த வழக்கு, பாலிஸி எடுக்குமுன் இருந்த உடல்நிலையைப் பற்றியது. நாம் எழுப்பும் கேள்வி, பாலிஸி எடுத்த பின் மாறும் உடல்நிலையைப் பற்றியது. பொதுச் சட்டப்படி, உள்ளதைச் சொல்லும் கடமை ஒப்பந்தம் முடிவாகும் வரையில்தான் உண்டு. அதன் பின்னும் அக்கடமை தொடர வேண்டுமானால் பாலிஸியிலே அதற்கென ஷரத்து இருக்க வேண்டும். இத்தகைய ஷரத்தைச் சில பாலிஸிகளில் காண்கிறோம். அதுவும் பொடி எழுத்தில், பல பக்கங்களுக்கு அப்பால் ஒளிந்து கிடக்கிறது. இங்கிலாந்திலோ, 2012-ஆம் வருஷத்துச் சட்டம், கம்பெனி கேளாததையும் தாமே ஊகித்துச் சொல்ல வேண்டும் என்ற பழைய சுமையைச் சாதாரண ஜனங்களிடமிருந்து நீக்கிவிட்டது. கேட்ட கேள்விக்குத் தக்க கவனத்துடன் உண்மையான பதில் சொன்னால் அங்கே போதும். கோட்பாட்டை நமக்குத் தந்தவர்களே அதைத் திருத்திக்கொண்டு விட்டார்கள். நாம் மட்டும் பழைய பிரதியை வைத்துக்கொண்டு பூஜை செய்வானேன்?

கம்பெனிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பிரயாணம் கூடாது என்று வைத்தியர் தடுத்த பின்னும் விமானம் ஏறி, அமெரிக்க ஆஸ்பத்திரியின் செலவில் சிகிச்சை பெறலாம் என்று எண்ணுவோரும் இருக்கக்கூடும். அத்தகையோரின் சூதுக்குரிய பணம், கடைசியில் யோக்கியமான பாலிஸிதாரர்களின் பிரீமியத்திலிருந்தே போகிறது. ஆகவே, மாறுதலைக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஷரத்து தவறன்று. தெரிவித்த மனிதனை நடுத்தெருவில் நிறுத்துவதுதான் தவறு. உண்மை சொன்னால் பாலிஸி போய்விடும், சொல்லாவிட்டால் ஈடு போய்விடும் என்ற நிலைமை இருந்தால், யார்தாம் உண்மை சொல்ல முன்வருவார்கள்?

நாம் கேட்பது ஒரு சாதாரண விதி. பிரயாணி மாறுதலை எழுத்து மூலம் தெரிவித்ததும், குறிப்பிட்ட சில தினங்களுக்குள் கம்பெனி எழுத்து மூலம் பதில் தர வேண்டும். அப்பதில் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பழைய பிரீமியத்துக்கே பாதுகாப்புத் தொடரும் என்று சொல்லலாம். அல்லது நியாயமான அதிகப் பிரீமியம் கேட்கலாம். அல்லது இந்த உடல்நிலையில் வைத்தியச் செலவை ஏற்க இயலாது என்று மறுக்கலாம். மறுக்குமானால், அன்றைய தினம் பிரயாணத்தை ரத்துச் செய்வதால் உண்டாகும் நஷ்டத்தைக் கம்பெனியே கொடுக்க வேண்டும். ஏனெனில், ரத்துக்கான அபாயத்தை அது முன்னமே ஏற்றுக்கொண்டுவிட்டது. தவணைக்குள் பதில் வராவிட்டால், பழைய ஷரத்துப்படியே பாதுகாப்புத் தொடர்வதாகக் கருத வேண்டும். இதில் கம்பெனிக்கு அநீதி எங்கே இருக்கிறது? இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இவ்விதியை ஏற்படுத்த முன்வருமாறு வற்புறுத்துகிறோம்.

மற்றொன்று பாஷையைப் பற்றியது. தமிழ் மட்டும் அறிந்த முதியவர், இங்கிலீஷிலுள்ள ஷரத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அதை மீறினார் என்ற பழியையும் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் பாலிஸிகளின் முக்கிய அம்சங்களை எளிய நடையில் ஒரு குறிப்புத் தாளாக, கேட்டால் பிரதேச பாஷையிலும், கொடுக்க வேண்டும் என்ற ஆணையத்தின் உத்தரவு 2024 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பிரயாண பாலிஸிகளின் குறிப்புத் தாளில், “இடையில் உடல்நிலை மாறினால் என்ன செய்ய வேண்டும்?” என்ற கேள்வியும் பதிலும் முதலிடம் பெற வேண்டும், தமிழிலும் இருக்க வேண்டும். கேட்பதற்கு நமது ஜனங்கள் கூச்சப்படலாகாது.

விதி வரும் வரையில் நேயர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே பாலிஸியும் எடுப்பது உசிதம்; நோய் கண்ட பின் ரத்து நஷ்டத்துக்குப் பாதுகாப்புத் தேடுவது, வீடு பற்றிய பின் கிணறு வெட்டுவதாகும். உட்கொள்ளும் மருந்துகளையெல்லாம் பெயர் சொல்லி எழுதுங்கள். விண்ணப்பத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். உடல்நிலை மாறினால் ஷரத்தைப் படித்து, எழுத்து மூலம் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள்.

அநியாயமாக மறுக்கப்பட்டால் சோர்ந்துவிட வேண்டியதில்லை. முதலில் கம்பெனிக்கே எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையேல், அல்லது வந்த பதில் திருப்தியில்லையேல், ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனை அணுகலாம். சென்னையிலும் அவருடைய காரியாலயம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ரூ. 50 லட்சம் வரை ஈடு வழங்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவ்வுத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் கமிஷனிலும் வழக்குத் தொடரலாம்.

நோய் வருவது யாருடைய குற்றமும் அன்று. அது வருமென்று அஞ்சியே ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள். வருமென்று அறிந்தே கம்பெனிகள் வாங்குகின்றன. நம்பிக்கையைப் பிரயாணியிடம் மட்டும் கேட்டுவிட்டு, கம்பெனி தன் பங்கைக் கொடாதிருக்குமானால் அது ஒப்பந்தமாகாது, பந்தயமாகும். ஆணையம் விழித்துக்கொள்ளுமா?