தன் முதுகு தனக்குத் தெரியுமா?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதன்முதலாகப் பாடம் நடத்திய நாளில் அதன் பொருளை நான் உணர்ந்தேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த விரிவுரையாளரும் உடன்பயின்ற நண்பர்களும், பாடம் முடிந்ததும் என் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தனர். அன்று என் முகம் வாடியது. ஆயினும் என்னை ஆசிரியனாக்கியது அந்த ஒரு மணி நேரமே.

பாடம் பிழைத்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். மருத்துவரின் கை பிழைத்தால் நோயாளிக்கு மறுநாளே இல்லாமற் போகலாம். ஆசிரியனுக்கு வேண்டப்படும் இந்த ஆய்வு மருத்துவருக்கு வேண்டா என்பது எவ்வகை நியாயம்? ஒரு மருத்துவரின் பணியை அதே துறையைச் சேர்ந்த பிற மருத்துவர்கள் ஆராய்ந்து குறை நிறை காண்பதையே சக மருத்துவர் ஆய்வு என்கிறோம். அது தொழிலுக்குச் செய்யும் துரோகம் என்பாரும் உளர். அன்று; அதுவே தொழிலுக்குரிய அறம் என்பேன் நான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்னும் அறுவை மருத்துவர் வாழ்ந்தார். ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின்னும் தொடர்ந்து கவனித்து, பயன் விளைந்ததா, இல்லையெனில் ஏன் இல்லை என்று எழுதிவைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து, 123 பிழைகளைக் குறித்தார். குறித்ததோடு நில்லாமல், பிற மருத்துவர் ஆராயுமாறு அவற்றை அச்சிட்டும் வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த பரிசு யாது? சக மருத்துவர்களின் சினமும் ஏளனமும் புறக்கணிப்புமே. 1940இல் மறைந்த அவருடைய கல்லறையில் 2014ஆம் ஆண்டில்தான் பெயர்க்கல் நாட்டப்பட்டது.

உண்மை கூறியவரை ஒதுக்கினால் விளைவது என்ன? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைப் பாருங்கள். அங்குக் குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட இதய அறுவைகளில் இறப்பு மிகுதி என்று மயக்க மருந்து வல்லுநர் ஸ்டீபன் போல்சின் 1990ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. 2001இல் வெளிவந்த பொது விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதும் நிரம்பாத குழந்தைகளுள் எதிர்பார்க்கத்தக்க அளவினும் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்தனர் என்று உரைத்தது. அம்மருத்துவமனையில் அறிவுக்குப் பஞ்சமில்லை. அறிந்ததை எடுத்துச் சொல்லவும், சொன்னதைச் செவிமடுக்கவும் உரிய ஏற்பாடுதான் இல்லை.

‘மருத்துவரை மருத்துவரே காப்பாற்றுவார், நீதிமன்றமே தக்க வழி’ என்பர் சிலர். நீதிமன்றம் வேண்டா என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கேட்கும் கேள்வி, ‘குற்றவாளி யார்?’ என்பது. சக மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது ஏன் நேர்ந்தது? இனி நேராமல் தடுப்பது எங்ஙனம்?’ என்பது. நம் மலேசியாவில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய தாய்மார் இறப்பு விசாரணை இந்த இரண்டாம் கேள்வியையே கேட்கிறது. பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால், பெயர்களை மறைத்துப் பல துறை வல்லுநர்கள் ஏடுகளை ஆராய்கின்றனர். எவ்விடத்தில் தாமதம் நேர்ந்தது, எதைத் திருத்தலாம் என்று காண்கின்றனர். கண்டவற்றைக் கொண்டு மருத்துவருக்கும் தாதியருக்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது.

அவ்விசாரணை தொடங்குமுன், 1980ஆம் ஆண்டுகளில், என் அக்காள் பிள்ளை பெற்ற இரவே குருதிப்போக்கினால் மாண்டாள். அம்மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்த விடை ‘தலைவிதி’ என்னும் ஒரே சொல். விதி என்று எழுதி மூடிய ஏடு அடுத்த தாயைக் காக்குமா?

ஆய்வு என்ற பெயரில் எதைச் செய்தாலும் போதும் என்பதன்று என் கருத்து. போட்டியாளரைப் பழிவாங்கும் ஆய்வு தீது. நண்பரைக் காக்கும் ஆய்வு அதனினும் தீது. ஆராய்வோர் நடுநிலையாளராக இருத்தல் வேண்டும். அளவுகோல் முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இளைய மருத்துவரும் தாதியும் அச்சமின்றிப் பேச இடம் வேண்டும். கண்ட குறை திருத்தப்பட்டதா என்று மறுமுறையும் பார்த்தல் வேண்டும். ஆய்வுக் கூடத்தில் பெயர் மறைக்கலாம். உறவை இழந்த குடும்பத்தாரிடம் உண்மையை மறைத்தல் ஆகாது.

ஆசிரியப் பெருமக்களே! நண்பன் தவறும்போது இடித்துரைப்பதே நட்பின் கடமை என்று திருக்குறள் வகுப்பில் போதிக்கிறோம். ஆனால் ‘ஐயா, நான் தவறிவிட்டேன்’ என்று வந்து நிற்கும் மாணவனை என்ன செய்கிறோம்? பிறர்முன் நாணச் செய்தால் அவன் மறைக்கக் கற்பான். அவனே நாளை அறுவைக் கத்தியை ஏந்தும் கையோடு நிற்கக்கூடும். அப்போது அவன் மறைக்கும் பிழை ஓர் உயிராக இருக்கும். மருத்துவமனையில் நாம் வேண்டும் நேர்மைக்கு முதற்பாடம் நம் வகுப்பறையிலேயே தொடங்கட்டும்.