ஒற்றைக் கம்பியும் கம்பிக் கட்டும்

தீப்பாதுகாப்பு அத்தாட்சி பெற்ற மின்கம்பி என்று விற்பவர் கூறிய மாத்திரத்தில் வாங்குபவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். எந்தப் பரிசோதனையில் தேறியதற்கான அத்தாட்சி என்று வினவுவோர் மிகச் சிலரே.

1975 மார்ச் 22ஆம் திகதி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பிரவுன்ஸ் பெரி அணுமின் நிலையத்தில், மின்வடங்கள் செல்லும் சுவர்த் துவாரத்திற் காற்றுக் கசிகிறதா என்றறிய மெழுகுதிரி பிடித்தார்கள். அணுவைப் பிளக்கும் இடத்தில் மெழுகுதிரி! துவாரத்தை அடைத்திருந்த நுரைப்பொருள் பற்றிக்கொண்டது. ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரிந்த தீயில் 1600க்கு மேற்பட்ட வடங்கள் பழுதாயின. உலையைக் குளிர்விக்கும் கருவிகள் பலவும் செயலிழந்தன.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60332ஆம் இலக்க நியமம் இதனை நன்குணர்ந்தே பரிசோதனைகளைப் பிரித்துள்ளது. ஒன்றில், 60 சென்ரிமீற்றர் நீளமான ஒற்றைக் கம்பிக்குச் சிறு சுவாலை காட்டப்படுகிறது. மற்றொன்றில், 3.5 மீற்றர் நீளக் கம்பிகள் ஏணியிற் கட்டாகப் பிணைக்கப்பட்டு எரிக்கப்படுகின்றன, கருகல் 2.5 மீற்றரைத் தாண்டலாகாது. தனியே நின்றபோது தானாக அணைந்த கம்பி, கட்டின் நடுவே அயற்கம்பிகளின் வெப்பத்தால் தொடர்ந்து எரியக்கூடும். ஆகவே, கட்டாகச் செல்லும் கம்பிகளுக்கு முதற் பரிசோதனையின் அத்தாட்சியைக் காட்டி விற்பது ஏய்ப்பேயாகும்.

ஐரோப்பிய ஒன்றியம், கட்டடங்களில் நிலையாகப் பொருத்தப்படும் வடங்களுக்குத் தீவகுப்புக் குறித்தலை 2017 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கியது.

வைத்தியசாலைக்கோ நெல்லாலைக்கோ கம்பி வாங்குவோர் அத்தாட்சியைக் கையில் வாங்கிப் பரிசோதனை இலக்கத்தைப் பார்ப்பார்களாக. இலக்கமில்லாத அத்தாட்சியைப் பொறியியலாளர் ஏற்றுக் கையொப்பமிடலாகாது.