நண்பகலிற் கரகரக்கும் விரியலாக்கி

காலையில் தெளிவாக ஒலித்த திரான்சிற்றர் விரியலாக்கி நண்பகல் வெப்பத்திற் கரகரக்கின்றதே என வருந்தும் மாணவர் பலர். அடிக்கு ஒற்றைத் தடை மட்டும் இட்டால் இவ்வாறே நேரும். வெப்பத்தோடு ஓட்ட நயமும் ஏறும். சேகரிப்பான் மின்னோட்டம் பெருகி, அலையின் ஒரு பாதி வெட்டுண்ணும். ஒரே இலக்கமுடைய திரான்சிற்றர்களும் நயத்தில் ஒன்றுபோலிரா!

12 வோல்ற்று மின்னை இரு தடைகளாற் பிரித்து அடிக்கு 2 வோல்ற்று வழங்குக. காலியில் 1,300 ஓம் தடை இடுக. சிலிக்கன் சந்தி ஏறத்தாழ 0.7 வோல்ற்றைக் கொள்ள, எஞ்சிய 1.3 வோல்ற்று 1 மில்லியம்பியரை நிறுவும். மின்னோட்டம் மிகுந்தாற் காலியின் அழுத்தம் உயரும். அடிக்கும் காலிக்கும் இடையிலான அழுத்தம் குறையும். மின்னோட்டம் தானே அடங்கும்.

ஆனால் அத்தடை ஒலிச் சைகையையும் அடக்கிவிடும். அதற்குச் சமாந்தரமாக 100 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றை இணைத்தாற் சைகை அதன் வழியே செல்லும்.