எழுத்தைப் படமாக்கும் புண்ணியவான்களே!

எங்க அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஒண்ணு ஆபரேசன் முடிஞ்சுது, இன்னொண்ணு பாக்கி. வீடு கம்பத்துல, கொஞ்சூண்டு ஏலத்தோட்டம் மேல வண்டன்மேட்டுப் பக்கம். காலையில காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி அவருக்குக் காய் விலை தெரிஞ்சாகணும். சரின்னு போன்ல எழுத்தை வாசிச்சுக் காட்டுற வசதியைப் போட்டுக் குடுத்தேன். செய்தியெல்லாம் ஜோரா வாசிச்சுது. விலைப் பக்கத்துக்குப் போனதும் "படம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயை மூடிக்கிச்சு.

"என்னடா இது, விலை கேட்டா படங்குது?"

வாங்கிப் பார்த்தேன். உள்ளூர் வியாபாரி ஒருத்தரோட தளம். பச்சைக் கலர்ல ஒரு ஜேபெக் படம், ஓரத்துல ரெண்டு ஏலக்காய், நடுவுல விலை. பெரிசாக்கினா எழுத்தெல்லாம் நமுத்துப்போன அப்பளம் மாதிரி ஆயிடுது. நூறாம் இடத்துல இருக்கிறது 3-ஆ 8-ஆ? எனக்கே தெரியலை. கிலோவுக்கு 500 ரூபாய் வித்தியாசம் சாமி அது. 50 கிலோ விக்கிறவருக்கு 25,000 ரூபாய்!

போடியிலயும் புத்தடியிலயும் ஸ்பைசஸ் போர்டு ஏலம் கம்ப்யூட்டர்லதான் நடக்குது. காய் கம்ப்யூட்டர்ல விக்குது, விலை மட்டும் ஃப்ளெக்ஸ் பேனர் மாதிரி வருது. என்ன கொடுமை இது?

அந்தத் தளத்தை வடிவமைச்ச தம்பியைப் பிடிச்சுக் கேட்டேன். "அண்ணே, வெப்ல தமிழ் உடையும்ணே. படமாப் போட்டாத்தான் சேஃப்"னார்.

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு மக்களே.

ஒரு காலத்துல அது நியாயம்தான், ஒத்துக்கிறேன். திஸ்கி ஒரு பக்கம், 1999 தமிழிணைய மாநாட்டுக்கு அப்புறம் டாம், டாப் ஒரு பக்கம், பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு. அது நம்ம கம்ப்யூட்டர்ல இல்லைன்னா பக்கம் பூரா ஜிலேபி. ஆரம்ப கால ஆண்ட்ராய்டு போன்லகூட தமிழ் கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சுது. ஆனா விண்டோஸ் 2000-லயே லதா எழுத்துருவோட யூனிகோட் தமிழ் வந்தாச்சு. தமிழக அரசே 2010-ல யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டாச்சு. இன்னும் பழைய ஃபாண்ட்ல அடிச்சு, போட்டோஷாப்ல சுட்டு, படமா ஏத்துறதுக்குப் பேரு சேஃப் இல்லை தம்பி, சோம்பேறித்தனம்.

தமிழ் உடையலை. நீங்க போடுற டப்பாதான் உடையுது.

எப்படின்னு சொல்றேன். ஆங்கிலத்துல "போடி"ன்னு நாலெழுத்து எழுதிப் பார்த்து, 80 பிக்சல்னு அகலத்தை ஆணி அடிச்சுடுறாங்க. அப்புறம் "போடிநாயக்கனூர்", "உத்தமபாளையம்"னு தமிழ்ல போட்டா பிதுங்காம என்ன செய்யும்? உள்ளே இருக்கிறதுக்குத் தக்கன விரியறது சாதா ஹெச்டிஎம்எல் டேபிளுக்கே பிறவிக்குணம். சிஎஸ்எஸ் கிரிட் 2017-லயே முக்கியமான எல்லா பிரவுசர்லயும் வந்துடுச்சு. குறைஞ்சது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவுன்னு மின்மேக்ஸ்ல சொல்லிட்டா அதுவே பார்த்துக்கும்.

அடுத்தது உயரம். லைன்-ஹைட் 1, ஓவர்ஃப்ளோ ஹிடன். ஆங்கிலத்துக்குச் சரியா இருக்கும். "குமுளி"ன்னு போட்டுப் பாருங்க. கு, மு ரெண்டுக்கும் காலை வெட்டும், ளி-க்குக் கொக்கியை வெட்டும். லைன்-ஹைட்டை 1.6 ஆக்குங்க, தீர்ந்துச்சு. இதுக்கா தமிழ் மேல பழி?

இதையெல்லாம் பொறுமையாச் சொன்னேன். தம்பி ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டார். "அண்ணே, எஸ்விஜியா மாத்திட்டேன், எவ்வளவு பெரிசாக்கினாலும் பிசிறு தட்டாது!" ஆசையாத் திறந்தேன். பளிச்னு இருந்துச்சு. அப்பா போனைத் தொட்டார். மறுபடியும் "படம்".

எழுத்தை எல்லாம் அவுட்லைனா மாத்தி வச்சிருக்கார் மகராசன்! நம்ம கண்ணுக்கு அது "8". போனுக்கு அது வெறும் வளைஞ்ச கோடு. வாசிக்க முடியாது, தேட முடியாது, காப்பி பண்ண முடியாது. எஸ்விஜி 2001-ல தரமா வந்தப்பவே டெக்ஸ்ட்னு ஒரு டேக் அதுல உண்டு. அதுல யூனிகோட்ல எழுதினா எழுத்து எழுத்தாவே இருக்கும். ஒரே ஒரு விஷயம்: எஸ்விஜி ஃபைலை இமேஜ் டேக்ல செருகினா வெளியிலேர்ந்து வெப் ஃபாண்ட் ஏறாது. பக்கத்துக்குள்ளயே நேரா எழுதணும். லோகோவை வேணும்னா தாராளமா கோடாக்குங்க, கூடவே ஒரு டைட்டில் குடுங்க. விலைப் பட்டியல் லோகோ இல்லை.

"வாட்ஸப்ல அனுப்பப் படம்தானே வசதி"ன்னும் கேட்டார். அனுப்புங்க, யாரு வேணாம்னா? தளத்துல எழுத்தா வைங்க. மலை மேல சிக்னல் ஒத்தைக் கோடு காட்டுற இடத்துல அத்தாம்பெரிய படம் எப்ப இறங்கி, எப்ப விலை பார்க்கிறது? அதே விவரம் எழுத்துன்னா சில கேபிதான்.

நான் ஒண்ணும் தொழில்முறை ஆள் இல்லை, பொழுதுபோகாம கத்துக்கிட்டவன். நானே ஒரு சாயங்காலம் உக்காந்து டேபிளா எழுதி அனுப்பினேன். கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர் எதுவும் பிதுங்கலை. அப்பா போன் அழகா வாசிச்சுது. "ஓனருக்குப் பிடிக்கலைண்ணே, ஏலக்காய் படம் இல்லாம வெறிச்சுனு இருக்காம்"னு பதில் வந்துச்சு.

அதனால இப்பவும் காலையில நான்தான் விலையை வாசிச்சுச் சொல்றேன். நான் ஊர்ல இல்லாத அன்னிக்கு அப்பா பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுறார். ஐம்பது வருசமா தன் காயைத் தானே விலை பேசி வித்த மனுசன்.

டிஸ்கி: இந்தப் பதிவுல ஏலக்காய் படம் எதுவும் இல்லை. வெறிச்சுனு இருந்தா மன்னிச்சுக்கங்க :-)