உண்டியலுக்கு இரண்டு பூட்டு



"ஹாஜியாரையே சந்தேகப்படுகிறீர்களா?" ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு பற்றி எவரேனும் வாய் திறந்த மாத்திரத்தில் எழுகின்ற கேள்வி இது. கேட்டவர் தலைகவிழ்ந்து அமர்ந்துவிடுவார். ஸலவாத்துடன் கூட்டம் நிறைவுபெறும். தேநீர் வரும். பள்ளிவாசலின் ரொக்கம் யார் கையில், எவ்வளவு இருக்கிறது என்ற பதில் மட்டும் வராது.

ஒருவரின் நாணயத்தைப் பற்றிய வினாவாகக் கணக்கை மாற்றிவிடும் இந்த வழக்கம் நம் மஹல்லாக்களைப் பீடித்திருக்கும் பெரும் நோய் என்பது என் கருத்து. மார்க்கப்பற்றின் பெயரால் இது பேசப்படுவதுதான் வேதனை. ஏனெனில் மார்க்கம் இதற்கு நேர்மாறாகவே பேசுகிறது.

அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். அநாதைகளின் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளருக்கு அது வழிகாட்டுகிறது. வசதி படைத்தவர் அச்சொத்திலிருந்து எதையும் எடுக்காமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஏழை நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு பேணுதலாக நடந்துகொண்டவரிடம், சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படி அதே வசனம் கட்டளையிடுகிறது. அதற்குப் பின்னர்தான் கணக்குக் கேட்பதற்கு அல்லாஹ் போதுமானவன் என்று முடிகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். "அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான், மனிதன் பார்க்க வேண்டியதில்லை" என்போருக்கு இங்கே இடமே இல்லை. அல்பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமானது, கடனை எழுதிவைப்பதையும் சாட்சிகளையும் பற்றியது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். நிர்வாகிகள் அறியாததுபோல் இருக்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள் பனூ ஸுலைம் கோத்திரத்தாரிடம் ஜகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவரிடம் கணக்குக் கேட்டார்கள். 'இது உங்களுடையது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது' என்று அவர் பிரித்துக் காட்டியபோது, தம் தாய் தந்தையின் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டு, மக்கள் முன்னிலையிலும் அதை எடுத்துரைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. அனுப்பப்பட்டவர் நபித்தோழர், அனுப்பியவர் அல்லாஹ்வின் தூதர். அங்கேயே கணக்குக் கேட்கப்பட்டது என்றால், நம் ஊர்ப் பொருளாளர் எந்த வகையில் அதற்கு மேற்பட்டவர்?

கண்காணிப்பு என்பது திருடனுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. ரமளான் இரவொன்றில், இஃதிகாஃபில் இருந்த நபியவர்கள் தம் துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்களுடன் நின்றிருந்தபோது, கடந்து சென்ற இரு அன்சாரித் தோழர்களை நிறுத்தி, இவர் என் மனைவி என்று சொன்னார்கள். எவராலும் சந்தேகிக்கப்பட முடியாதவர், சந்தேகத்துக்கான வாய்ப்பையே அகற்றினார். நேர்மையான பொருளாளருக்குக் கணக்குமுறை செய்யும் உதவியும் இதுவே. முறையில்லாத இடத்தில் ஒருநாள் ஐந்நூறு ரூபாய் குறைந்தால், நாற்பது ஆண்டுக்கால நற்பெயரை மீட்டெடுக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது.

இனி, நடைமுறையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான ஜமாஅத்துகளில் ஒரே மனிதர் சந்தா வசூலிக்கிறார். அவரே வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்கிறார். மோதினாரின் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் அதிலிருந்தே கொடுக்கிறார். மாதக் கடைசியில் நினைவிலிருந்து நோட்டில் எழுதுகிறார். பணத்தைக் கையில் வைத்திருப்பது, பதிவு செய்வது, செலவுக்கு அனுமதி அளிப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு கைகளில் இருக்க வேண்டும் என்பது கணக்குப்பதிவியலின் அரிச்சுவடி. மூன்றும் ஒருவரிடம் குவிந்தால், தவறு நடந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவரும் அவரே ஆகிவிடுகிறார்.

இவற்றிலெல்லாம் மோசமானது, வந்த கையோடு செலவு செய்யும் பழக்கம். ஜுமுஆ உண்டியலில் 8,400 ரூபாய் வந்தது. பெயின்டருக்கு 3,000 கொடுத்தாயிற்று. மீதி 5,400 வரவு என்று எழுதுகிறார்கள். வரவும் தெரியாது, செலவும் தெரியாது. இரண்டுக்கும் இடையேயான கழித்தல் மட்டுமே ஏட்டில் நிற்கிறது. வந்த பணம் முழுவதும், ஒரு ரூபாய் குறையாமல், மறுநாளே வங்கிக்குப் போக வேண்டும். பெரிய செலவுகள் இருவர் கையொப்பமிட்ட காசோலையால் நடக்க வேண்டும். (வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையொப்பமிட்டு ஒருவரிடம் கொடுத்துவிட்டு உம்ராவுக்குப் புறப்படும் தலைவர்கள், இரண்டாவது கையொப்பத்துக்குப் பொருளே இல்லாமல் செய்கிறார்கள்.)

துடைப்பத்துக்கும் பல்புக்கும் காசோலை எழுதச் சொல்லவில்லை. அதற்கு முன்பண மீட்பு முறை இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் நம் பிள்ளைகள் படிப்பதுதான். 5,000 ரூபாய் என்று ஒரு தொகையை நிர்ணயித்து மோதினாரிடம் கொடுங்கள். எந்த நிமிடம் எண்ணிப் பார்த்தாலும், கையிருப்பும் செலவுச் சீட்டுகளும் சேர்ந்து 5,000 ஆக வேண்டும். சீட்டுகளை ஒப்படைத்தால் அதே அளவு பணம் மீண்டும் கிடைக்கும். குறைந்த சம்பளத்தில் காலந்தள்ளும் அவரைப் பழியிலிருந்து காக்க இதைவிட எளிய வழி இல்லை.

உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இருவேறு குடும்பத்தார் கையில். ஜமாஅத்தார் முன்னிலையில் எண்ணி, அங்கேயே தொகையை எழுதி, எண்ணியவர்கள் கையொப்பமிட வேண்டும். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எத்தனை புத்தகங்கள் அச்சகத்திலிருந்து வந்தன என்பதைப் பொருளாளர் அல்லாத ஒருவர் எழுதிவைத்திருக்க வேண்டும். கிழித்த ரசீது பிழையானால் இரண்டு பிரதியும் புத்தகத்திலேயே இருக்கட்டும். குர்பானித் தோல் பணமும் ஃபித்ராவும் ஓரிரு நாள்களில் கைகளில் வந்து குவிபவை. ரசீதில்லாத வரவு அப்போதுதான் மிகுதி.

"ஆண்டுதோறும் ஆடிட்டர் பார்க்கிறாரே" என்பார்கள். 1995ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டம் கணக்கு வைப்பதை 46ஆம் பிரிவிலும் தணிக்கையை 47ஆம் பிரிவிலும் சொல்கிறது, உண்மைதான். ஆனால் தணிக்கையாளர் எழுதப்பட்டதைத்தான் முதன்மையாகச் சரிபார்க்க முடியும். ரசீதே போடாமல் சட்டைப்பைக்குள் போன நோட்டு எந்த ஏட்டிலும் இராது. அதைத் தடுக்கும் இடம் உண்டியலின் வாயருகேதான் இருக்கிறது.

நல்லவர்கள் எப்படித் தவறுகிறார்கள் என்பதையும் எண்ணிப்பாருங்கள். பொறுப்பில் இருந்துகொண்டே பணத்தைக் கையாடிச் சிறை சென்றவர்களைச் சந்தித்து ஆராய்ந்த டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்க அறிஞர், 1953இல் தம் முடிவுகளை நூலாக்கினார். வெளியே சொல்ல முடியாத ஒரு பண நெருக்கடி, யாருக்கும் தெரியாமல் எடுக்கக் கூடிய வாய்ப்பு, 'கடனாகத்தானே எடுக்கிறேன்' என்று மனத்துக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். இம்மூன்றையும் அவர் எடுத்துக்காட்டினார். மகளின் திருமணச் செலவில் தவிக்கும் ஒரு பொருளாளரின் வீட்டு அலமாரியில் பைத்துல்மால் பணத்தை வைத்திருக்கும் ஜமாஅத், வாய்ப்பைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறது. நெருக்கடியை நாம் தடுக்க முடியாது. அலமாரியைத் தடுக்கலாம்.

சிறிய ஜமாஅத், இதற்கெல்லாம் ஆள் இல்லை என்பது ஓரளவு நியாயமான மறுப்பு. அங்கே இருவர் போதும்: பணத்தைத் தொடுபவர் எழுதக் கூடாது, எழுதுபவர் தொடக் கூடாது. வணிகம் படித்த நம் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் வீட்டில் இருந்தபடியே ரொக்க ஏட்டை எழுதவும், மாதந்தோறும் வங்கி அறிக்கையுடன் அதை ஒப்பிட்டுச் சரிகட்டும் பட்டியல் தயாரிக்கவும் வல்லவர்கள். அவர்களைக் கேட்டதுண்டா? ஊதியம் கொடுக்கத் தயக்கம் வேண்டாம். ஜகாத் பெறும் எட்டு வகையினரில், அதை வசூலித்து நிர்வகிக்கும் ஊழியர்களையும் அத்தவ்பாவின் 60ஆம் வசனம் சேர்த்திருக்கிறது. ஓர் அமைப்பு தேவை என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அச்சடித்த வரவு செலவுத் தாளோடு நின்றுவிடாமல், வங்கிப் பாஸ்புத்தகத்தையும் ரசீது அடிக்கட்டைகளையும் மேசைமீது வைக்கச் சொல்லுங்கள். அதுவரை காத்திராமல் இந்த வெள்ளிக்கிழமையே ஒன்று செய்யலாம். பள்ளிவாசல் தூணில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, பணம் அனுப்புமுன் திரையில் வருவது ஜமாஅத்தின் பெயரா, ஒரு தனிமனிதரின் பெயரா என்று பாருங்கள்.